பூரியின் கழுத்தில் உன் பெயர்

முருகன் துணை

திருத்தணி,
ஆனி 22, திங்கள்கிழமை.

தம்பி ஸ்ரீதருக்கு அக்கா சுலோச்சனா எழுதுவது. நாங்கள் இங்கே நலம். நீ நலமா என்று இந்த முறை நான் கேட்கப் போவதில்லை. பிரேமாவும் குழந்தை பானுவும் நன்றாக இருக்க வேண்டும் என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். அதுவும் போக, உன் குரலைப் போனில் கேட்க எனக்கு இப்போதைக்குத் தெம்பில்லை. போன வியாழக்கிழமை கேட்டதே போதும். வீட்டுக்கு அனுப்பினால் பிரேமா பிரித்துவிடுவாள் என்றுதான் உன் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன்.

அன்றைக்குக் காலையில் சரவணப் பொய்கை பக்கத்தில் தெரு நாய்களுக்கு வெறிநாய்க்கடி ஊசி போட்டார்கள். நான் மேலே பூக்கடைக்குச் சாமந்தி கொடுத்துவிட்டுக் காலிக் கூடையோடு படி இறங்கி வந்தேன். என் பின்னாலேயே அந்தச் சொறி நாயும் வந்தது. சித்திரையிலிருந்து இதே கதைதான். நான் படி ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். விலா எலும்பை எண்ணிவிடலாம். முதுகில் பாதி முடி இல்லை, ஒரு காது கிழிந்து தொங்கும். சாமிக்குப் போகிற பூவில் வாய் வைத்துவிடுமோ என்று நான் அதை விரட்டாத நாளில்லை. தண்ணீரை வாரி ஊற்றியிருக்கிறேன். ஒரு நாள் கையில் கிடைத்த கழியால் முன்காலில் ஒன்று போட்டேன். இரண்டு நாள் நொண்டியது. நொண்டிக்கொண்டும் என் பின்னால்தான் வந்தது.

வலை வைத்திருந்தவர்களுக்கு அது பிடி கொடுக்கவில்லை, என் காலடியில் வந்து ஒண்டிக்கொண்டது. தமிழ்செல்வி என்று ஒரு டாக்டரம்மா, "உங்க நாயாம்மா? கொஞ்சம் புடிச்சிக்கினு இருங்க" என்றார். என் நாயெல்லாம் இல்லை, சனியன் சும்மா ஒட்டிக்கொண்டு திரிகிறது என்று சொல்லிவிட்டுப் பிடித்துக்கொண்டேன். அவர் ஊசிக்கு முன்னால் ஒரு கருவியை எடுத்து அதன் கழுத்திலிருந்து தோள் வரைக்கும் காட்டினார். கடையில் சாமானுக்கு விலை பார்ப்பார்களே, அது மாதிரி இருந்தது. கீச்சென்று ஒரு சத்தம், பதினைந்து இலக்கத்தில் ஓர் எண். "இது தெரு நாயி இல்லம்மா, யாரோ வளத்தது. தோலுக்கடியில சிப் இருக்குது" என்றார். அந்த எண்ணைத் தன் செல்லில் போட்டதும் வீட்டுக்காரரின் போன் நம்பர் வந்தது. அங்கேயே ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டார்.

எடுத்தது நீ.

உங்கள் நாய் திருத்தணியில் கிடைத்திருக்கிறது என்று அந்தப் பெண் சந்தோஷமாகத்தான் சொன்னார். உனக்குப் பின்னால் பானு பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. பிறகு நீ, "ராங் நம்பருங்க, எங்க வூட்ல நாயே கெடையாது" என்று சொல்லி வைத்துவிட்டாய். டீக்கடை பெருமாள், "இவனெல்லாம் மனுசனா, சோறுதான் துன்றானா" என்று காறித் துப்பினான். என் கூடப் பிறந்தவனை என் கண்ணெதிரில் திட்டினான். இவன் என் தம்பி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்கப்புறம்தான் குனிந்து அதன் முகத்தைப் பார்த்தேன். பூரி என்று கூப்பிட்டேன். அதன் உடம்பு முழுக்க ஆடியது, ஸ்ரீதர். உப்பின பூரி மாதிரி இருக்கிறது என்று பானு பெயர் வைத்த, உன் வீட்டில் வளர்ந்த அதே பூரி. கார்த்திகையில் பிரேமாவுக்குக் கால் பிசகியபோது உன் வீட்டுக்குச் சமைத்துப் போட வந்தேனே, அந்தப் பத்து நாளும் அதற்குத் தயிர்சாதம் வைத்தவள் நான். அந்தப் பத்து நாள் சோற்றை நினைவு வைத்துக்கொண்டு இத்தனை ஜனங்களுக்கு நடுவில் அது என்னைக் கண்டுபிடித்திருக்கிறது. எனக்குத்தான் அதை யாரென்று சொல்ல ஒரு கருவி வர வேண்டியிருந்தது. கழியால் அடித்த இந்தக் கையை நான் என்ன செய்ய?

அந்தச் சிப்பைப் போட்ட அன்றைக்கும் நான் உன் வீட்டில்தான் இருந்தேன். ஊசியைப் பார்த்துப் பானு அழுதாள். "இனிமே இது எங்க தொலைஞ்சாலும் நம்ம பேரைச் சொல்லும்டா கண்ணு" என்று நீதான் அவளைச் சமாதானப்படுத்தினாய். கழுத்துப் பட்டையை ஞாபகமாகக் கழற்றியவனுக்கு அது மட்டும் எப்படியடா மறந்தது?

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை நீ மட்டும் காரில் வந்தாய். மலைமேல் தரிசனம் ஆயிற்று என்றாய். பூரி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், பிழைப்பது கஷ்டம் என்று முகத்தைத் தொங்கப்போட்டாய். நான் வடை சுட்டேன், நீ ஐந்து வடை தின்றாய். அந்த நேரத்தில் அது மேலே நீ இறக்கிவிட்ட இடத்தில் உன் காரைத் தேடி அலைந்துகொண்டிருந்திருக்கும். பின் சீட் முழுக்க முடியாக இருக்கிறதே என்று நானே துடைப்பம் எடுத்து வந்து பெருக்கிவிட்டேன். அடுத்த வாரம் செத்துவிட்டது என்று போன் செய்தாய்.

நீங்கள் குடிபோன புது ஃப்ளாட்டில் நாய் வைக்க விடமாட்டார்கள் என்றால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நம் கழனியில் கிடந்துவிட்டுப் போகாதா? நாய்க்கு ஏசி ரூமா என்று நான் கேலி செய்தது உண்மைதான். அக்கா இதற்கும் கேலி செய்வாள் என்று பயந்தாயா? அப்படியென்றால் அந்தத் தப்பு என் தலையிலும் கொஞ்சம் இருக்கட்டும். ஆனால் முருகனுக்கு நேர்ந்து விட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. சேவலும் கன்றும் நேர்ந்து விடுகிறவர்கள் பேர், நட்சத்திரம் சொல்லி நாலு பேர் பார்க்க விடுகிறார்கள்.

இதையெல்லாம் விட எனக்கு ஆத்திரம் வேறொன்றில். செத்துவிட்டது என்று நீ சொன்ன அன்றைக்குப் பானு என்னிடம் போனில் அழுதாள். "அத்தே, பூரி பொழச்சிட்டா மொட்டை போட்டுக்கறேன்னு வேண்டிக்கினேன். முருகன் கேக்கவே இல்ல. இனிமே நான் கும்புட மாட்டேன்" என்றாள். இடுப்பு வரை தொங்கும் முடியைத் தருகிறேன் என்று அந்தக் குழந்தை வேண்டியிருக்கிறாள். பூரி முருகனிடம் போய்விட்டது, அழாதே என்று நானும் உளறி வைத்தேன். இன்றைக்கு வரைக்கும் அவள் நெற்றியில் விபூதி வைத்துக்கொள்வதில்லை என்று பிரேமா வருத்தப்படுகிறாள். நீயும் அதே வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாய்? நீ செய்ததற்கு ஒரு பத்து வயதுக் குழந்தை சாமியைக் கோபித்துக்கொண்டிருக்கிறாள். உனக்கு எப்படித் தூக்கம் வருகிறது?

பூரி இப்போது நம் வீட்டில் இருக்கிறது. சொறிக்கு மருந்து பூசுகிறேன், புண் ஆறி வருகிறது. ஊசி போட்ட இடத்தில் அதன் ஊசி அட்டைக்கு யார் பேர் என்று கேட்டார்கள், என் பேரைச் சொன்னேன். சிப் பதிவிலும் பேரை மாற்ற வழி இருக்கிறதாம். வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும் என்றேன். உன் பாவாவிடம் யாரோ பக்தர் விட்டுப்போன நாய் என்று சொல்லியிருக்கிறேன். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன பெரிய பொய் இதுதான். யாருக்காகச் சொன்னேன் என்று உனக்கே தெரியும்.

ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. பானுவை அழைத்துக்கொண்டு வா. கிளம்புவதற்கு முன்னால் உன் வாயால் அவளிடம் எல்லாவற்றையும் சொல். நான் சொல்ல மாட்டேன், அது என் வேலையில்லை. அவள் அழுவாள், உன்னோடு பேசாமல் இருப்பாள். இருக்கட்டும். முருகன் கேட்கவில்லை என்று நினைப்பதை விட அப்பா தப்பு செய்தார் என்று அவளுக்குத் தெரிவது மேல்.

பூரி பிழைத்துவிட்டதால் வேண்டுதலைச் செலுத்தியாக வேண்டும். குழந்தை தலையில் கத்தி படக் கூடாது. பெற்றவன் கொடுத்தால் முருகன் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். அந்த மொட்டைக்கு நீ உட்கார். நானும் பானுவும் பூரியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறோம். அது உன்னைக் கடிக்கும், குரைக்கும் என்றெல்லாம் பயப்படாதே. உன்னைக் கண்டதும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்து உன் மேல் ஏறும். அதைத் தாங்குகிற மனத்தோடு வந்து சேர்.

பானுவுக்கும் பிரேமாவுக்கும் என் ஆசீர்வாதம். உனக்கு உள்ளதை நேரில் வந்து வாங்கிக்கொள். வடைக்கு உளுந்து ஊறப்போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா
சுலோச்சனா