ஏழாம் அத்தியாயத்தில் பிழை இல்லை

ஜெலுத்தோங், பினாங்கு
ஆகஸ்டு 3

அன்புள்ள நாதன் அண்ணனுக்கு,

ரீத்தா எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. நீங்கள் நலம் என்பது லண்டனிலிருந்து அத்தியாயங்கள் வந்து விழும் வேகத்திலேயே தெரிகிறது. நூலகத்துக்குப் பக்கத்திலேயே அறை கிடைத்துவிட்டது, குளிரும் பழகிவிட்டது என்று ஷார்லின் சொன்னாள். ஞானத்தகப்பன் என்ற முறைக்கு என் மகளிடமாவது போனில் பேசுகிறீர்களே, சந்தோஷம். என் செய்திகளுக்கு வாட்ஸ்அப்பில் நீலக்கோடு மட்டும்தான் வருகிறது. அதனால் திருத்திய தாள்களோடு இந்தக் கடிதத்தையும் வைத்துக் கட்டி கூரியரில் அனுப்புகிறேன். தாள்களை எப்படியும் பிரிப்பீர்கள்.

முதலில் புத்தக விஷயத்தை முடித்துவிடுகிறேன். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவளிடம் சிவப்புப் பேனாவைக் கொடுத்தால் சும்மா இருப்பேனா? உங்கள் வாக்கியங்கள் வழக்கம்போல மூச்சு முட்டுகின்றன, வெட்டிவிட்டேன். பெரியம்மைக் காய்ச்சலுக்குப் பேதி மருந்து கொடுக்கலாமா கூடாதா என்று அந்தக் காலத்து வைத்தியர்கள் போட்ட சண்டை மிக நீளம், பாதியாக்குங்கள். நீங்கள் வாழ்க்கை வரலாறு எழுதும் அந்த ஆங்கிலேய வைத்தியர் சண்டையில் தன் கட்சியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது எனக்குப் பிடித்தது. பிடிவாதக்காரர்.

ஏழாம் அத்தியாயத்தை இரண்டு முறை படித்தேன். அரசருக்கு எதிரான சதியில் பங்குண்டு என்று சந்தேகப்பட்டு அவரைக் கோபுரச் சிறையில் அடைக்கிறார்கள். உள்ளே உட்கார்ந்துகொண்டு அவர் மருத்துவத்தின் வரலாற்றை எழுதத் திட்டம் போடுகிறார். வெளியே அவருடைய நண்பர், அவரும் வைத்தியர்தான், அவருடைய நோயாளிகளைக் கவனித்துக்கொள்கிறார். பெரிய மந்திரி உடம்பு முடியாமல் இந்த நண்பருக்கு ஆள் அனுப்பியபோது, என் நண்பனை விடுதலை செய்யுங்கள், அதற்குப் பிறகுதான் மருந்து என்று சொல்லிவிடுகிறார். இது நடந்ததா, பின்னால் கட்டிவிட்ட கதையா என்பது உறுதியில்லை என்று நீங்களே அடிக்குறிப்பு போட்டிருக்கிறீர்கள். ஆனாலும் நடந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் எழுதியிருக்கிறீர்கள். படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. பிறகு வயிறு எரிந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டேன். அந்த அத்தியாயத்தில் திருத்த ஒன்றுமில்லை அண்ணா, ஒரு காற்புள்ளிகூட இடம் மாறவில்லை.

இனி வீட்டு விஷயம். உங்கள் மச்சான் கிளிஃபர்ட் வேலைக்குப் போகாமல் வீட்டில்தான் இருக்கிறார். விசாரணை முடியும்வரை எந்த நோயாளியையும் பார்க்கக் கூடாது என்று ஆஸ்பத்திரி கடிதம் கொடுத்ததில் எந்த மாற்றமும் இல்லை. பழைய நோயாளிகள் தீவின் அந்தக் கோடியில் இருக்கும் பாலிக் புலாவிலிருந்துகூட டுரியான் பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நீட்டினால் இவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்கிறார். "இப்ப நான் பாக்கக் கூடாது லா, தப்பா எடுத்துக்காதீங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்கிறார். அவர்கள் போன பிறகு, வார்டுக்குள் நுழையப் போகிறவர் மாதிரி முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுகிறார். அதைப் பார்க்கக் கூடாது என்று நான் பின்கட்டுக்குப் போய்விடுவேன்.

சின்னையாவின் பெயர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே ஃப்ளாட்டில் இருந்தவர், தொழிற்சாலையில் வேலை. டெங்கிக் காய்ச்சலோடு கம்பெனி இன்சூரன்ஸில் உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது, உடனே படுக்கை வேண்டும். மூன்றாம் மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. கிளிஃபர்ட் உங்களுக்குப் போன் செய்தார். பிரிவின் தலைவர் நீங்கள்தானே. அந்த அறையைத் தொட வேண்டாம், மறுநாள் காலை டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதர் உடம்பு பரிசோதனைக்கு வருகிறார், நிர்வாகம் அவருக்காக வைத்திருக்கச் சொல்லியிருக்கிறது என்றீர்கள். அப்படியானால் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடட்டுமா என்று இவர் கேட்டார். "அதெல்லாம் வேணாம் மச்சான், சாயங்காலத்துக்குள்ள ஒரு பெட் நான் எடுத்துத் தர்றேன்" என்றீர்கள். இவர் நம்பிக் காத்திருந்தார். சின்னையாவும் மத்தியானம் முழுக்க நடைபாதையில் சக்கர நாற்காலியில் சலைன் பாட்டிலோடு காத்திருந்தார். படுக்கை கிடைத்தபோது நேரம் கடந்துவிட்டது.

போனில் யார் என்ன சொன்னாலும், சொன்னவர் பெயரோடு நோயாளியின் ஃபைலில் எழுத வேண்டும். பயிற்சி டாக்டர்களை இதற்காகவே அழ வைத்தவர் கிளிஃபர்ட். அன்றைக்கு மட்டும் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று சண்டை போட்டேன். "மச்சான் சொன்னத யாராச்சும் ஃபைல்ல எழுதுவாங்களா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். வேறு யார் சொல்லியிருந்தாலும் எழுதியிருப்பார். இப்போது ஃபைலைப் புரட்டுகிறவர்களுக்கு அனுமதிக்கத் தாமதம் செய்த ஒரே டாக்டராக இவர்தான் தெரிகிறார்.

சின்னையாவை அடக்கம் செய்த மறுநாள் நீங்கள் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, "தப்பு என்னோடது மச்சான், விசாரணைன்னு வந்தா நான் பாத்துக்கிறேன்" என்றீர்கள். நான் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். உங்கள் பெயரைச் சொல்லாமல் வக்கீலிடம் கேட்டுப் பார்த்தேன், பெண்டாட்டி சாட்சி எடுபடாது என்று சிரிக்கிறார். பிறகு ஓய்வு பெற்றீர்கள், விமானம் ஏறினீர்கள். புத்தகம் முடியட்டும் என்றீர்கள். ஈஸ்டருக்குப் போன் செய்தபோது, அன்றைக்கு என்ன சொன்னேன் என்று சரியாக ஞாபகம் இல்லை என்றீர்கள். முந்நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு மந்திரி படுத்த படுக்கையில் என்ன கேட்டார், ஒரு வைத்தியர் என்ன பதில் சொன்னார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிகிறது. நீங்களே உங்கள் வாயால் சொன்னது மறந்துவிட்டது. எனக்கு வெட்கமாக இருக்கிறது அண்ணா. உங்களுக்காகத்தான் வெட்கப்படுகிறேன்.

ஜெயலெட்சுமியைப் பாசாரில் பார்க்கிறேன், சின்னையாவின் மனைவி. முன்பெல்லாம் மீன்கடையில் எனக்கும் சேர்த்து விலை பேசுகிறவள், இப்போது என்னைக் கண்டால் அடுத்த வரிசைக்குப் போய்விடுகிறாள். போன வாரம் நானே குறுக்கே போய் நின்றேன். "ஒங்க வீட்டுக்காரர நாங்க சாமியா நெனச்சோம்க்கா" என்றாள், அவ்வளவுதான். கூடையில் வாங்கியதை எல்லாம் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அந்த அறையைப் பூட்டி வைத்தவன் என் கூடப் பிறந்தவன் என்று சொல்ல வாய் வரை வந்தது. 

கிளிஃபர்ட் எங்கேயும் உங்கள் பெயரைச் சொல்ல மாட்டேன் என்கிறார். விசாரணைக் குழுவிடமும் இல்லை, வக்கீலிடமும் இல்லை. "நாதனா வந்து சொல்லட்டும், நான் சொன்னா அது காட்டிக் குடுக்கிறதுதான்" என்கிறார். நானும் சொல்லக் கூடாதாம். மணிப்பாலில் ஒரே அறையில் தங்கிப் படித்தீர்கள், நீங்கள்தான் அவரை விடுமுறைக்கு நம் வீட்டுக்கு அழைத்து வந்தீர்கள், நீங்கள்தான் அப்பாவிடம் பேசி எனக்குக் கட்டி வைத்தீர்கள். நல்லவனைத்தான் கொடுத்தீர்கள். இவ்வளவு நல்லவனாக இல்லாமல் இருந்திருக்கலாம். புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் புக்கிட் மெர்தாஜாம் போனபோது இவர் உங்கள் புத்தகம் நல்லபடியாக வரவேண்டும் என்று மெழுகுவத்தி ஏற்றினார். நான் சின்னையாவுக்கு ஏற்றினேன்.

கட்டைப் பிரித்தால் ஒரு தாள் குறையும், தேட வேண்டாம். "நட்பு என்றால் என்ன என்று எனக்குக் காட்டிய கிளிஃபர்டுக்கு" என்று முன்பக்கத்தில் போட்டிருந்தீர்களே, அந்தக் காணிக்கைப் பக்கத்தை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அவரிடம் காட்டவில்லை. காட்டினால் சந்தோஷப்பட்டுவிடுவார், அதை என்னால் பார்க்க முடியாது. தாள் திரும்ப வேண்டுமானால் நீங்களே வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

விசாரணை இருபத்தோராம் தேதி, வியாழக்கிழமை. அன்றைக்கும் இவர் வாயைத் திறக்கப் போவதில்லை. லைசென்ஸ் போய்விட்டால் இந்த வயதில் இன்னொரு தொழிலுக்கு எங்கே போவார்? வீடியோவில் பேசினாலும் ஏற்றுக்கொள்வார்களாம். அது போதும் என்று நான் சொல்ல மாட்டேன். சின்னையாவின் வீட்டுப் படியை நீங்கள் ஏற வேண்டும். உங்கள் பேருக்குக் கெடுதல் வரும், தெரியும். வரட்டும். உங்களுக்குச் சோறு போட நான் இருக்கிறேன், முன்னறையில் உங்களுக்குக் கட்டில் போட்டு வைத்திருக்கிறேன்.

விசாரணைக்கு முந்தின நாள், புதன்கிழமை மாலை, ஜெயலெட்சுமி வீட்டுக்குப் போகிறேன். உங்கள் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று கிளிஃபர்டுக்கு நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. கதவைத் திறந்ததும் அவள் என் முகத்தைப் பார்ப்பாள். மாதா உங்களைக் கைவிடாமல் காக்கட்டும் அண்ணா. என் அண்ணன் வந்துகொண்டிருக்கிறார், மீதியை அவரே சொல்வார் என்று அவளிடம் சொல்ல எனக்கு வழி செய்யுங்கள்.

உங்கள் தங்கை,
ரீத்தா