ஆறு பதிப்பு, ஆறு நிறம்

மார்ச் 3

அக்காவுக்கு,

சாப்பிடறேன், தூங்கறேன். நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன்.

உங்க நூலகக் கண்காட்சிக்குக் கம்ப்யூட்டர்ல வரைஞ்ச படம் தயார். அந்தப் பழைய உயிரியல் புத்தகத்தோட ஆறு பதிப்பும் ஒரே திரையில. வாக்கியத்துக்கு ஒரு கோடு, பதிப்புக்கு ஒரு நிறம்; வாக்கியம் முதல்ல வந்த பதிப்போட நிறம்தான் கோட்டுக்கு. ஆசிரியர் எதைச் சேர்த்தார், எதை அடிச்சார், எல்லாம் தெரியும். எந்தப் பழைய வாக்கியம் எந்தப் புது வாக்கியமா மாறுச்சுன்னு உங்க தங்கச்சி பொருத்தி வச்சுட்டுப் போனது அப்படியே இருக்கு. அவ கண்ணை மூடினப்புறம் ஒரு கோட்டைக்கூட நான் தொடல.

அதுல தப்பு இருக்குன்னு, கண்காட்சிக்காகச் சரிபாத்த உங்க பேராசிரியர் சொன்னாராமே. இருக்கட்டும். உங்களுக்குத் தங்கச்சின்னா எனக்குப் பொண்டாட்டி; அவ செஞ்சது செஞ்சபடிதான் வரும். இல்லன்னா படமே வேணாம்.

தம்பி

மார்ச் 9

தம்பிக்கு,

கோவத்தை அவர்மேல காட்டாதே. என்மேல காட்டு, எனக்குப் பழக்கம்.

தொடக்க வார்த்தைங்க ஒண்ணா இருந்தா ஒரே வாக்கியம்னு அவ சேர்த்துட்டா. புத்தகம் எழுதின மனுஷன் பல இடத்துல தொடக்கத்தை அப்படியே வச்சுக்கிட்டு முடிவைத் தலைகீழா மாத்தியிருக்கார். ‘தெரியும்’னு இருந்தது ‘தெரியாது’ன்னு ஆயிருக்கு. திரையில ரெண்டும் ஒரே நிறம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பாக்கப் போற படம்டா.

அவ பேரைத் தப்போட சேர்த்துச் சுவத்துல மாட்டச் சொல்றியா? இருந்திருந்தா உன்னை உக்கார வச்சு அவளே திருத்தியிருப்பா. நடுநடுவுல நீ கோட்டுக்குப் போட்ட மஞ்சக் கலரையும் திட்டியிருப்பா.

வியாழன் வரைக்கும் பாப்பேன். அப்புறம் வேற ஆளை வச்சுத் திருத்திடுவேன்.

அக்கா

மார்ச் 12

அக்காவுக்கு,

வேற ஆள் வேணாம். நானே திருத்தி அனுப்பிட்டேன்.

பேராசிரியர் குறிச்ச ஒவ்வொரு இடத்தையும் பதிப்பு பதிப்பா வச்சுப் பாத்தேன். எரிச்சலா வந்துச்சு. “என்னடி இது, ஒரு வரியைக் கடைசிவரைக்கும் படிக்க மாட்டியா?”ன்னு கத்திட்டேன். கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். “ஒண்ணுமில்ல சார், வீட்ல சண்டை”ன்னேன். அவர் ‘சரி’ன்னு எறங்கிப் போயிட்டார்.

நாலாம் அத்தியாயத்துல ஒரு வாக்கியத்தை மட்டும் மாத்தல. ஆசிரியர் அதை அடிச்சுட்டார்னு பேராசிரியர் சொல்றார். அடிக்கல. ரெண்டா உடைச்சு, வார்த்தையெல்லாம் மாத்தி, ஒன்பதாம் அத்தியாயத்துக்குள்ள கொண்டுபோய் வச்சிருக்கார். அவ கண்டுபிடிச்சிருக்கா. நானும் திரும்பத் திரும்பப் பாத்துட்டேன்.

அந்த இடத்துல அவதான் சரின்னு அவர்கிட்ட சொல்லுங்க. நயமா சொல்ல வேணாம்.

தம்பி