நுவரெலியா ஓட்டத்தின் மூன்று போஸ்ரர்கள்

ஹேர்னிங்
14.09.1985

அன்புள்ள விக்ரோரியா,

கர்த்தர் புண்ணியத்தில் நான் இங்கே சுகமாய் இருக்கிறேன். நீயும் குருசுமுத்து அண்ணையும் எப்படி? தொழிற்சாலையில் ஒரு வாரமாகப் பிள்ளைகளின் குளிர்ச்சட்டைக்கு இழுத்துப் பூட்டும் சிப் தைக்கிறோம். நித்திரையிலும் கை அதையே செய்கிறது.

ஒரு நல்ல செய்தி. என் மனிசனோடு கராஜ் நடத்திய கூட்டாளி கொழும்பிலிருந்து நீளமான பார்சல் ஒன்று அனுப்பியிருந்தார். பிரித்தால், கராஜ் சுவரில் தொங்கிய பழைய ரேஸ் போஸ்ரர்கள் மூன்றும்! நுவரெலியா மலைப்பாதையில் அந்தச் சிவப்புக் கார் வளைவில் சரிந்து வருகிற படம் உனக்கு ஞாபகம் இருக்கும். 1962ஆம் ஆண்டு ஓட்டம். கீழே ஓட்டக்காரர்களின் வரிசையில் 'ஜே. ஜீவரட்ணம், கொழும்பு' என்று இருக்கிறது.

அந்த 1983 ஜூலைக் கலவரத்தில் வீட்டோடு அல்பங்களும் எரிந்துபோயின. அன்று கராஜுக்கென்று போன மனிதர் திரும்பி வரவில்லை. அவருடைய பெயர் அச்சில் இருக்கிற ஒரே இடம் இனி இதுதான். மூன்றையும் இருக்கையறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். வேலையால் வந்ததும் கொஞ்ச நேரம் முன்னால் இருப்பேன். வந்து பார்.

உன்
நேசம்

இஷொய்
20.10.1985

என் அன்பு நேசம்,

போன கிழமை உன் கையால் சாப்பிட்டது இன்னும் நாக்கில் நிற்கிறது. வீட்டுக்கு வந்ததிலிருந்து இவருக்கு உன் போஸ்ரர் கதைதான். ஸ்ரேஷனுக்குப் பக்கத்தில் நாங்கள் எடுத்த கோப்பிக் கடையை அடுத்த மாதம் திறக்கிறோம். சுவரெல்லாம் வெறுமையாய்க் கிடக்கிறது. டெனிஷ்காரருக்குப் பழைய ரேஸ் படங்கள் என்றால் பைத்தியம், கோப்பன்ஹேகன் கடைகளில் அவற்றின் நகல்களையே விலைக்கு வாங்கி மாட்டுகிறார்களாம்.

திறப்புக்கும் அதற்குப் பிறகு கொஞ்ச நாளுக்கும் அந்த மூன்றையும் தருவாயா? கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுவோம். இவர் காரில் வந்து எடுப்பார். மனமில்லாவிட்டால் சொல், கோபிக்க மாட்டேன்.

உன்
விக்ரோரியா

ஹேர்னிங்
03.11.1985

அன்புள்ள விக்ரோரியா,

குருசுமுத்து அண்ணை வந்து எடுத்துக்கொண்டு போனார். இந்நேரம் சுவரில் ஏறியிருக்கும். கொடுக்கும்போது கை கொஞ்சம் பின்னுக்கு இழுத்தது உண்மை. ஆனால் இந்த நாட்டில் வந்து இறங்கியபோது மூன்று மாதம் உன் வீட்டில் என்னை வைத்துப் பார்த்தவள் நீ. உனக்கில்லாமல் வேறு யாருக்குக் கொடுப்பது?

ஆணி மட்டும் அடிக்க வேண்டாம், கடதாசி பழசு. நத்தார்ப் பண்டிகைக்கு முன் அனுப்பிவிடு. கடை நன்றாய் நடக்கச் செபிக்கிறேன்.

உன்
நேசம்

இஷொய்
11.01.1986

என் அன்பு நேசம்,

புதுவருட வாழ்த்துகள். நத்தாருக்கு அனுப்பாததற்குக் குறை நினையாதே, கடையில் நிற்கவே நேரமில்லை. வருகிறவர்கள் எல்லாரும் போஸ்ரரைத்தான் பார்க்கிறார்கள். உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்தும் வந்து படம் எடுத்தார்கள். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் இருக்கட்டும். இந்தப் பனியில் நீ புறப்பட்டு வராதே. நாங்களே காரில் கொண்டுவந்து தருகிறோம்.

உன்
விக்ரோரியா

ஹேர்னிங்
18.04.1986

அன்புள்ள விக்ரோரியா,

உயிர்த்த ஞாயிறும் போய்விட்டது. இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. தொலைபேசியில் அண்ணை எடுத்து, நீ குளிக்கிறாய் என்றார். பிறகு எடுத்தபோதும் அதையே சொன்னார். சுகமில்லையா? போஸ்ரர்கள் மெல்ல வரட்டும், நீ எப்படி இருக்கிறாய் என்றாவது எழுது.

உன்
நேசம்

ஹேர்னிங்
12.05.1986

விக்ரோரியா,

உனக்குச் சொல்லாமல் வந்தது என் பிழையாக இருக்கலாம். உனக்கு உடம்புக்கு வருத்தம் ஏதுமோ என்று பயந்து, சனிக்கிழமை விடியவே ரயிலேறி, கப்பலில் கடல் கடந்து வந்தேன்.

கடை வாசலில் நின்றபோது முதலில் மனம் நிறைந்துதான் போனது. எதிர்ச்சுவரில் மூன்று போஸ்ரர்களும். கிட்டப் போன பிறகுதான் தெரிந்தது, சட்டமும் இல்லை, கண்ணாடியும் இல்லை. சுவரோடு பசை போட்டு ஒட்டி, மேலே வார்னிஷ் பூசியிருந்தீர்கள். சுவரின் கீழ்ப்பாதியில் அடித்த பலகைக்கு அளவாய்ப் படத்தை வெட்டியிருந்தீர்கள். சிவப்புக் காரின் சில்லோடு படம் முடிந்துவிட்டது. பெயர் வரிசை இல்லை.

உன் கணவர் ஒரு வயதான டெனிஷ் தம்பதிக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைத் திருப்பிக் காட்டி, அந்தக் காரில் இருப்பது தான்தான் என்றார். கப்பலில் வேலை செய்தவர் எந்த மலையில் ஓடினார்? அந்த மனிசி நம்பாமல் சிரித்துக்கொண்டு உன்னிடம் திரும்பி, உண்மைதானா என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த டெனிஷ் அதற்குப் போதும்.

நீ பால்குவளையை வைத்துவிட்டு, "ஜா, இவர்தான் ஓடினவர்" என்றாய்.

பிறகு நிமிர்ந்து என்னைக் கண்டாய். வாசல்வரை வந்தாய். நான் ஸ்ரேஷன் படியேறும்வரை அங்கேயே நின்றாய், அதற்கு மேல் ஒரு அடி வரவில்லை.

எழுத இன்னும் இருக்கிறது, கை ஓடவில்லை.

நேசமலர்

இஷொய்
01.06.1986

என் அன்பு நேசம்,

நீ ஒரு கோப்பி கூடக் குடியாமல் போனது எங்களுக்கு எவ்வளவு அவமானம் தெரியுமா? வேலைக்கு நிற்கும் பெட்டையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒருவரும் வேண்டுமென்று செய்யவில்லை. பலகை அடித்தவன் சொன்ன அளவுக்கு இவர் வெட்டிவிட்டார். அந்தத் துண்டுகளை நான் பிறகு தேடினேன், குப்பையோடு போய்விட்டன. இப்போது கழற்றப் பார்த்தால் கிழியுமாம். கதை என்று நீ பெரிதாய் எழுதியிருக்கிறாய். வியாபாரத்துக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வதுதானே? பத்திரிகையிலும் இவர்தான் ஓடினவர் என்று போட்ட பிறகு, நான் ஆட்களுக்கு முன்னால் என் மனிசனைப் பொய்யன் என்பதா? ஜீவரட்ணம் அண்ணைக்கு இனி இதில் என்ன குறை? உயிரோடு இருக்கிற நாங்கள் பிழைக்க வேண்டும்.

மூன்று மாதம் உன்னை என் வீட்டில் வைத்திருந்தேன். ஒருநாளாவது அதைச் சொல்லிக் காட்டினேனா?

கோப்பன்ஹேகனில் மொனாக்கோ ரேஸ் போஸ்ரர் ஒன்று வாங்கித் தபாலில் போட்டிருக்கிறேன். புத்தம் புதிய அச்சு, உன் சுவருக்கு அழகாய் இருக்கும். அங்கே சபையில் இதைப் பற்றி ஒன்றும் கதையாதே. முப்பது வருடச் சிநேகிதத்தை ஒரு கடதாசிக்காக முறிப்பாயா?

உன்
விக்ரோரியா

ஹேர்னிங்
22.06.1986

திருமதி குருசுமுத்து அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய மொனாக்கோ போஸ்ரர் வந்தது. பிரிக்காமல் திருப்பித் தபாலில் சேர்த்திருக்கிறேன்.

சுவரிலிருந்து எதையும் கழற்ற வேண்டாம். வெட்டியதும் ஒட்டியதும் உங்கள் கணவர். அதற்கு எப்படியும் மனதை ஆற்றியிருப்பேன். அந்த மனிசி கேட்டது உங்களிடம். என் கணவரைத் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் நானும் நீங்களும்தான் இருந்தோம். நீங்கள் பேசாமல் நின்றிருந்தாலே எனக்குப் போதுமாயிருந்தது.

நான் சபையில் ஒருவருக்கும் சொல்லவில்லை. போன ஞாயிறு, சபைக்கு வரும் யோகம்மா, மகளைப் பார்க்க இஷொய்க்குப் போவதாகச் சொல்லி, உங்கள் கடைக்கு வழி கேட்டா. ஸ்ரேஷனில் எந்தப் பக்கத்தால் இறங்குவது என்று விபரமாய்ச் சொன்னேன்.

"அவ உங்களுக்கு ஆர்?" என்று கேட்டா.

"முந்தித் தெரிஞ்ச ஆள்" என்றேன்.

உங்கள் கடிதங்கள் இனி வந்தால் பிரிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
திருமதி நே. ஜீவரட்ணம்