விளிம்பு முட்ட ஊற்றிய கோப்பை

இன்று காலை துறையடிச் சோதனைச் சாவடியில் என் பையைக் கவிழ்த்தார்கள். அப்பியாசக் கொப்பிகளும் வெண்கட்டிப் பெட்டியும் மேசையில் விழுந்தன. கடைசியாக, துணியில் சுற்றியிருந்த உன் கோப்பை உருண்டு வந்தது. சிப்பாய் அதை எடுத்துப் பிடி எங்கே என்று தேடினான். பிடி இல்லை. மூக்கருகே கொண்டுபோனான். எத்தனை தரம் கழுவினாலும் அந்த ஏலக்காய் மணம் போகவில்லை. "கோப்பி" என்றேன். இவ்வளவு சின்னதிலா என்று சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தான். நீ செத்து எட்டு மாதமாகிறது. படகில் ஏறி உட்கார்ந்ததும் உனக்கு எழுதத் தொடங்கிவிட்டேன்.

நானும் நீயும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். நான் வாவியைக் கடந்து படுவான்கரைப் பள்ளிக்கூடத்துக்குத் தொண்டராசிரியையாகப் போனேன். உனக்குக் கடவுச்சீட்டில் நாலு வயதைக் கூட்டி எழுதி, அரபு நாட்டு வீடொன்றுக்கு வேலைக்கு ஏற்றினார்கள். ஏற்றியவர்களே பிறகு, "வெளிநாட்டுக்குப் போய் வந்தவள்" என்று உன்னைப் பற்றி வாயைக் கோணினார்கள். உன் காசில் ஓடு போட்ட கூரையின் கீழ் இருந்துகொண்டு.

நீ கொண்டுவந்தது கொஞ்சத் தங்கமும், கொக்கு மூக்குப் போல வாய் நீண்ட பித்தளைக் கெண்டியும், பிடியில்லாத பன்னிரண்டு சின்னக் கோப்பைகளும். அதைவிடப் பெரிதாக, கோப்பி ஊற்றுகிற விதம் ஒன்றைத் தலைக்குள் கொண்டுவந்தாய். அந்த வீட்டுக் குசினியில் மூன்று நாட்டுப் பெண்கள் வேலை செய்தீர்கள். பிலிப்பைன்ஸ்காரி பக்கெற்றைக் கிழித்துக் கொட்டுவாள். கோப்பி, பால்மா, சீனி எல்லாம் அதற்குள்ளேயே. குடித்து முடிக்க ஒரு நிமிசம், உடனே வேலை. எதியோப்பியக்காரி வெள்ளிக்கிழமைகளில் பச்சைக் கொட்டையைச் சட்டியில் வறுத்து, அந்தப் புகையை ஒவ்வொருத்தர் முகத்துக்கு நேராகவும் கொண்டுவந்து காட்டுவாள். மூன்று தரம் ஊற்றுவாள். மூன்றாவதுக்கு முன் எழும்பினால் அவளுக்குக் கோபம் வரும். கோப்பி தன்னுடைய மலைகளில்தான் முதலில் முளைத்தது என்று நெஞ்சில் தட்டிச் சொல்வாளாம்.

நானும் பாடத்தில் படித்ததை உனக்குச் சொன்னேன். எங்கள் மலைநாட்டிலும் தேயிலைக்கு முன்னர் கோப்பிதான், இலையில் நோய் விழுந்து தோட்டம் தோட்டமாகப் பட்டுப்போனது என்று. "அப்ப கோப்பி ஆய்ஞ்ச சனம் என்னாச்சு?" என்று கேட்டாய். என் பாடப்புத்தகத்தில் நோயின் பெயர் இருந்தது, சனம் இல்லை.

அந்த வீட்டில் முதல் நாளே நீ செய்த பிழையை எத்தனை தரம் சொல்லிச் சிரித்திருக்கிறாய். வந்த விருந்தாளிக்கு நம் ஊர் வழக்கப்படி கோப்பை விளிம்பு முட்ட ஊற்றினாய். நம்மிடம் அரைக் கோப்பை கொடுத்தால் அது கஞ்சத்தனம். அங்கே ஒரு மிடறுதான் ஊற்ற வேண்டும். முடிந்ததும் மறுபடி ஒரு மிடறு. போதுமென்றால் விருந்தாளி கோப்பையை லேசாக ஆட்டிக் காட்டுவார். முட்ட ஊற்றினால், 'இதைக் குடித்துவிட்டு எழும்பிப் போ' என்று அர்த்தம். விருந்தாளி எழும்பிப் போய்விட்டார். வீட்டுக்காரியிடம் நீ அறை வாங்கினாய். "அறைஞ்சது அறைஞ்சதுதான், ஆனா நல்ல பாடம்கா அது" என்பாய். கன்னத்தைத் தடவிக்கொண்டுதான் சொல்வாய்.

திரும்பி வந்து துறையடியில் கோப்பி ஊற்றத் தென்னங்கிடுகுக் கொட்டில் போட்டாய். படகுக்கும் சோதனைக்கும் சனம் மணிக்கணக்கில் காத்துக் கிடந்த இடம். பதுளைப் பக்கத்து லொறிக்காரர் கொட்டை கொண்டுவந்து தருவார். மல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் சேர்த்து வறுத்து நீயே இடிப்பாய். அது நம் ஊர் முறை. கடைசியில் ஏலக்காயைத் தட்டிப் போடுவாய். அது அந்த அரபு வீட்டு முறை. சீனியை உள்ளங்கையில் தருவாய், நக்கிக்கொண்டு குடிக்க. ஆட்டிக் காட்டும்வரை ஊற்றுவாய். "இத்துனூண்டு ஊத்துறாளே" என்று முறைத்த கிழவர்கள்கூட ஒரு கிழமையில் கோப்பையை ஆட்டப் பழகிவிட்டார்கள். முட்ட ஊற்றினால் என்ன அர்த்தம் என்பதை மட்டும் எனக்கு மாத்திரம் சொல்லி வைத்திருந்தாய்.

சாவு வீடுகளில் பறைமேளம் அடிக்கிற பெரியவர் முதல் நாள் வந்தபோது கொட்டிலுக்கு வெளியே நின்றார். மடியிலிருந்து ஒரு சிரட்டையை எடுத்து நீட்டினார். அவருக்கு எந்தக் கடையும் கிளாஸ் கொடுத்ததில்லை. நீ சிரட்டையை வாங்கினாய், பார்த்தாய், அடுப்புக்குள் போட்டாய்.

"சிரட்ட எரிக்கத்தான் நல்லம். உள்ளுக்கு வந்து இரிங்க மாமா."

"வேணாம் புள்ள. உனக்குத்தான் கரைச்சல் வரும்."

"வரட்டும். அதுக்கும் ஒரு கோப்பி ஊத்துவம்."

அவரை அந்த ஊரில் மாமா என்று கூப்பிட்ட முதல் ஆள் நீதான். அவர் குனிந்து உள்ளே வந்து உட்கார்ந்தார்.

கரைச்சல் வந்தது. மாரி மழையில் படகு நிறுத்தப்பட்ட ஒரு நாள், கோயில் வண்ணக்கர் கொட்டிலுக்குள் ஒதுங்கினார். கோயில் பொறுப்பும் துறைக் காணியும் அவர் கையில். பெரியவர் குடித்து வைத்த கோப்பையை நீ கழுவிக்கொண்டிருந்தாய்.

"என்னகா, இந்தக் கோப்பைகளில ஆரார் வாய் வெச்சது?"

"வாய் இரிக்கிற எல்லாரும், ஐயா."

"எனக்குப் புறம்பா ஒண்டு இல்லையா?"

"இல்ல. பன்னெண்டுதான் இரிக்கு. எல்லாருக்கும் அதுதான்."

"இது கோயில் காணி, புள்ள. நாளைக்கே கொட்டிலப் பிடுங்கச் சொல்லுவன்."

நீ அப்போதுதான் கழுவிய அதே கோப்பையை எடுத்தாய். விளிம்பு முட்ட ஊற்றி, வலக்கையால் நீட்டினாய். குளிர் அவரையும் விடவில்லை. வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "பாத்தியளா? மத்த ஆக்களுக்கு அரைவாசி. எனக்கு மட்டும் நிறைய. மரியாத தெரிஞ்ச புள்ளதான்." நாம் இரண்டு பேரும் கிடுகுக்குப் பின்னால் போய், வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணீர் வரும்வரை சிரித்தோம்.

அந்தச் சிரிப்பை அடக்காமல் விட்டவள் நான். படகுக்காரரிடம் அர்த்தத்தைச் சொல்லிவிட்டேன். இரண்டு நாளில் துறை முழுவதும் தெரிந்தது. மூன்றாம் நாள் வண்ணக்கருக்கும் தெரிந்தது. நாலாம் நாள் கொட்டில் தரையில் கிடந்தது. நான் அழுதேன். நீ, "வாய்தான்கா உனக்கு எதிரி" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு, மருத மரத்தடியில் மூன்று கல்லை வைத்தாய். கெண்டியை ஏற்றினாய். பலகைப் பெட்டியில் பன்னிரண்டு கோப்பைகள். முதலில் வந்து நிலத்தில் உட்கார்ந்தவர் பறைமேளக்காரர். பிறகு படகுக்காரர், பிறகு மீன்காரப் பெண்கள், பிறகு வண்ணக்கரின் சொந்த மருமகன். சிலர் ஒருநாளும் வரவில்லை. அவர்களை நீ தேடவுமில்லை.

ஒரு மத்தியானம் அந்த மரத்தடியில் செல் குண்டு விழுந்தது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கேட்டால், இரண்டு பக்கமும் மற்றதைக் கைகாட்டுகின்றன. உன்னையும் கெண்டியையும் ஏழு கோப்பைகளையும் அது கொண்டுபோனது.

செத்த வீட்டில் கோப்பி ஊற்றும் வேலையை நான் கேட்டு வாங்கினேன். மிஞ்சிய ஐந்து கோப்பைகள், நீ இடித்து வைத்திருந்த தூள். வந்தவர்களுக்கு ஒவ்வொரு மிடறாக ஊற்றினேன். வாசலுக்கு வெளியே மேளத்தோடு நின்றவரிடம், குடத்தடியில் கிடந்த சிரட்டையை யாரோ நீட்டினார்கள். நான் அதைப் பிடுங்கி அடுப்புக்குள் போட்டேன். பெரியவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். நாலு பேர் எழும்பிப் போனார்கள். போகட்டும். அவர் மூன்று தரம் வாங்கிக் குடித்தார். பிறகு கோப்பையை லேசாக ஆட்டினார். வெளியே போய் உனக்காக மேளத்தை அடித்தார். அப்படி அவர் அடித்து நான் கேட்டதில்லை.

வண்ணக்கரும் வந்தார். நீ செய்தபடியே கோப்பையைக் கழுவி, விளிம்பு முட்ட ஊற்றி, வலக்கையால் நீட்டினேன். இந்த முறை அவருக்கு அர்த்தம் தெரியும். கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாங்காமல் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடந்தார். நான் கையை மடக்கவில்லை. அவர் வேலிக் கடப்பைத் தாண்டும்வரை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றேன். சூடு விரலைச் சுட்டது. உன்னை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

இப்போது மருத மரத்தில் பாதிதான் நிற்கிறது. அதன் கீழ் படகுக்காரரின் மனைவி கோப்பி ஊற்றுகிறாள். கிளாசில்தான், ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கிளாஸ். ஐந்தில் நாலு கோப்பைகள் அவளிடம் இருக்கின்றன. ஐந்தாவது என் பையில். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போகும்போது, இன்னும் சில இடங்களில் புறம்பாக ஒரு கிளாஸ் கவிழ்த்து வைத்திருப்பது கண்ணில் படும். யாருக்கு அது என்று கேட்பேன். "எனக்கு அதிலயே தாங்க" என்று கையை நீட்டுவேன். தந்தால் அதில் குடிப்பேன். தராவிட்டால் உன் கோப்பையை எடுத்து அவர்கள் முன் வைத்து, முட்ட ஊற்றச் சொல்லி, குடித்துவிட்டு எழும்பி வந்துவிடுவேன்.