மருந்துக் கடை முனை

மார்ச் 4
எங்கள் நகராட்சி அலுவலகத்தின் நாற்சந்தி வேலைக்கு ஒப்புதல் வந்துவிட்டது. மருந்துக் கடை முனையில் நடைபாதையை அகலப்படுத்த வேண்டும். அங்கே இனி வண்டி நிறுத்த இடம் இருக்காது. வண்டி நின்றால், சாலையைக் கடக்க இறங்குகிறவர்கள் ஓட்டுநர் கண்ணிலேயே படுவதில்லை. கான்கிரீட் போடுவதற்கு முன், வழக்கம்போல அந்த இடத்தைக் காலி டிரம்களால் அடைத்து ஒரு மாதம் ஒத்திகை.

எல்லாம் சரி. கடை அக்காவுடையது. யார் போய்ச் சொல்வது? நான்தான்.

மார்ச் 6
சொன்னேன். அத்தான்தான் பேசினார். "ஊருக்கெல்லாம் நல்லது பண்ணு. எங்க வயித்துலதான் அடிக்கணுமா?" அக்கா காபி கொடுத்தாள். ஆறிப்போன காபி.

மார்ச் 11
டிரம் வைத்தாயிற்று. போகிற வருகிறவர்கள் எல்லாரும் திட்டுகிறார்கள்.

மார்ச் 17
அக்கா ஃபோன் செய்தாள். "மாத்திரை வாங்க வர்றவங்க வண்டிய எங்கடி நிறுத்துவாங்க? ஒரே ஒரு வண்டிக்காவது இடம் விடேன்." அழுதுவிட்டாள். அவள் அழுதால் எனக்குத் தாங்காது. மேலதிகாரியிடம் கேட்டேன். "ஒரு டிரம்தானேம்மா, நகர்த்திக்கோ. யாரு பாக்கப்போறா?"

நகர்த்தினேன். மனசு ஒப்பவில்லை.

மார்ச் 20
நான் விட்ட இடத்தில் ஒரு கார் நின்றது. அதன் மறைவிலிருந்து ஒரு பெண், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு சாலையில் இறங்கினாள். வேன் கிறீச்சென்று நின்றது. ஒரு சாண் இடைவெளி. அந்தப் பெண் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள். என்ன காரியம் பண்ணிட்டேன் — ஒரு சாண்!

கார் யாருடையது? மாத்திரை வாங்க வந்தவர்களுடையதா? இல்லை, அத்தானுடையது! வந்ததே கோபம். "எடுங்க அத்தான்" என்றேன். எடுத்தார். டிரம்மை நானே உருட்டிக்கொண்டு போய்ப் பழைய இடத்தில் வைத்தேன்.

மார்ச் 21
அக்கா ஃபோன் எடுக்கவில்லை.

ஏப்ரல் 15
கான்கிரீட் போட்டார்கள்.

ஜூன் 2
அக்கா கடையை மாற்றிவிட்டாளாம். நாலு தெரு தள்ளி, வாசலில் தாராளமாக வண்டி நிறுத்தலாமாம். அம்மா சொல்லித்தான் தெரியும். வலிக்கிறது. ஆனால் இடம் விடச் சொல்லி மறுபடி கேட்டாலும் முடியாது என்றுதான் சொல்வேன்.

ஆகஸ்ட் 9
வேலைக்கு நடுவில் அக்காவிடமிருந்து ஃபோன். எப்படி இருக்கிறாய் என்றெல்லாம் கேட்கவில்லை.

"கடை எதிர்ல ரோட்டக் கடக்கவே முடியலடி. நேத்து உங்க அத்தான் மயிரிழையில தப்பிச்சாரு. வந்து பாரு."

"வண்டி நிறுத்துற இடம் போயிடுமேக்கா?"

"போனா போகட்டும். நீ சாப்பிடாம வா."