மூன்று இரவு விருந்தாளி

9 செப்ரெம்பர் 2025, செவ்வாய்

சாம்பவி இந்தக் கொப்பியைத் தந்து, இங்கிலாந்திலிருந்து வருகிற ஆட்களைப் பற்றி மட்டும் எழுதி வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். மகளுக்குப் பயணிகளின் போக்கை ஆராய்கிற ஒரு கொம்பனியில் வேலை. பிரித்தானியர் இப்போது இரண்டு கிழமை லீவு எடுத்துப் போவதைக் குறைத்துக்கொண்டு, வெள்ளி ஏறித் திங்கள் திரும்புகிற குட்டிப் பயணங்களாகப் பலமுறை போகிறார்களாம். ஒரு நகரம், மூன்று இரவு, கையில் ஒரு சின்னப் பெட்டி. அப்படி ரொறொன்ரோவுக்கும் வருகிறார்களா, வந்தால் என்ன செய்கிறார்கள் என்பதுதான் அவளுடைய அறிக்கை. இங்கே ரொறொன்ரோவின் ரூஜ் பகுதியில், எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கிற பேஸ்மென்றை நாள் வாடகைக்கு விடுவதால் நான் அவளுக்கு ஓசிச் சாட்சி.

மூன்று இரவு படுத்தெழும்ப ஏழெட்டு மணித்தியாலம் பறந்து வர எவ்வளவு கொழுப்பு வேண்டும். சரி, எழுதுவோம். வேலையை விட்ட பிறகு எனக்கும் வாய்க்குத்தான் வேலை, கைக்கு இல்லை.

12 செப்ரெம்பர், வெள்ளி

ஸ்டெபனி வந்துவிட்டாள். இந்த வருடத்தில் மூன்றாம் முறை. பெப்ரவரி, மே, இப்போது. ஆளை நான் ஒருநாளும் கண்டதில்லை. பக்கவாசலில் இலக்கப் பூட்டு. வருகிறவர்கள் தாங்களாகவே திறந்து இறங்குவார்கள். சமையலறையிலிருந்து கீழே போகிற உள்படிக்கட்டுக் கதவுக்கு என் பக்கத்தில் கொண்டி. பெட்டிச் சில்லு உருளும் சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர்க் குழாய். பிறகு ஒன்றும் இல்லை.

மற்றவர்கள் நயாகராவுக்கு எந்த பஸ், நல்ல கோப்பி எங்கே என்று செய்தி அனுப்பி உயிரை எடுப்பார்கள். இவள் ஒன்றும் கேட்பதில்லை.

13 செப்ரெம்பர், சனி

முழுநாளும் அவள் வெளியே போகவில்லை. நான் அடுப்படியில் நடந்தால் கீழேயும் யாரோ நடக்கிறார்கள். நான் நின்றால் அதுவும் நிற்கிறது. மூன்று முறை நின்று பார்த்தேன், மூன்று முறையும் நின்றது. இவரிடம் சொன்னேன். "உமக்கு விசர்" என்று ஒரு சொல்லோடு முடித்துவிட்டார். என் மனுசன் ஸ்ரீஸ்கந்தராசாவுக்குக் காது மந்தம் என்பது ஊருக்கே தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது.

15 செப்ரெம்பர், திங்கள்

போய்விட்டாள். இறங்கிப் பார்த்தேன். துவாயை நீளப்பாட்டில் மூன்றாக மடித்துச் சுருட்டி வைத்திருக்கிறாள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து, மேலே கரண்டியைக் குறுக்கே வைத்திருக்கிறாள். எங்கள் அம்மா வீட்டைத் தவிர வேறு எங்கும் நான் இப்படிக் கண்டதில்லை.

விருந்தினர் எழுதுகிற புத்தகத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரேயொரு தமிழ் வரி, போய்விட்டு வருகிறேன் என்பதற்கு எங்கள் ஊரில் சொல்கிறது. போட்டு வாறன். பெப்ரவரியிலும் மேயிலும் இதையேதான் எழுதியிருந்தாள். லண்டனில் பிறந்த தமிழ்ப் பிள்ளை ஏதோ பகிடி விடுகிறது என்று அப்போது நினைத்தேன்.

16 செப்ரெம்பர், செவ்வாய்

இது சாம்பவிக்கு இல்லை. இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவேன்.

2011இல் லண்டனில் அக்காவின் புருசன், எங்கள் அத்தான், செத்தார். எனக்குக் கிடைத்தது இரண்டு நாள் லீவுதான். பறந்து போனேன், அழுதேன், எரித்தோம், விமானத்துக்கு நேரமாகிவிட்டது. செத்த வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு போகக்கூடாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பேசாமல் எழும்பிப் போகவேண்டும். நான் வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, பழக்கதோஷத்தில், "அக்கா, போட்டு வாறன்" என்றேன். அக்கா கமலாம்பிகை என்னை நிமிர்ந்து பார்த்தா. அந்தப் பார்வையைச் சுமந்துகொண்டுதான் கனடா வந்தேன்.

நாற்பதாம் நாள் அவவின் மூத்த மகன் ராகுலன் கார் மோதிப் போய்விட்டான். அக்கா போன் எடுத்தா. "போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனனி எல்லே. வந்திட்டுது." அவ்வளவுதான். வைத்துவிட்டா. பதினாலு வருடமாக ஒரு சொல் இல்லை.

நான் மூடநம்பிக்கைக்காரி இல்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த வீட்டிலிருந்தும் நான் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டு வெளிக்கிட்டதில்லை. "சரி, பிறகு பாப்பம்" என்பேன். எல்லாரும் என்னைத் திமிர் பிடித்தவள் என்பார்கள்.

3 ஒக்டோபர், வெள்ளி

சாம்பவி சாப்பிட வந்தாள். பிரித்தானியரில் சிலர் ஊர் சுற்றுவதற்கு இல்லை, ஒரே நகரத்துக்கு ஒரே அறைக்குத் திரும்பத் திரும்பப் போகிறார்களாம். ஏன் என்று கேட்டேன். அவர்களைக் கேட்டால் சும்மா ஒரு மாற்றத்துக்கு என்றுதான் சொல்கிறார்களாம்.

21 நவம்பர், வெள்ளி

கண்டுவிட்டேன்.

நாலு மணிக்குச் சமையலறை யன்னலில் நின்றேன். ஊபர் கார் போனது. பக்கவாசலுக்குப் போகிறவளின் முதுகுதான் தெரிந்தது. நரைத்த கொண்டை, நீல ஜக்கெற், இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிற நடை. பன்னிரண்டு வயதில் சைக்கிளால் விழுந்த கால் அது. பின்னால் இருந்து விழுத்தியது நான்.

அக்கா.

ஸ்டெபனி ஆர்? ஏன் இன்னொரு பெயரில்? என்னத்துக்கு வாறா? என்னைப் பாக்கவா, என்ர வீட்டை இருந்து சபிக்கவா?

22 நவம்பர், சனி

பிட்டும் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பும் செய்து, கொண்டியைத் திறந்து, மேல்படியில் தட்டை வைத்துவிட்டு, திரும்பவும் கொண்டியைப் போட்டேன். கூப்பிடவில்லை. முறித்தவ அவ. படியேறி வந்து கதவைத் தட்டட்டும்.

23 நவம்பர், ஞாயிறு

காலையில் திறந்தேன். தட்டு கழுவியபடி அதே படியில். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று நடுவில் ஒரு பிடி சீனி.

கோபம் இருக்கிறவள் சீனி வைப்பாளா?

பின்னேரம் கொண்டியில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கத்தில் மூச்சு வாங்கும் சத்தம். படியேறி வந்தால் வாங்குகிற மூச்சு. இரண்டு விரல் தடிப்பமான பலகைதான் நடுவில். தட்டுவா என்று நின்றேன். அவவும் ஏதோ ஒன்றுக்காக நின்றா. பிறகு ஒரு கால் பலமாக, ஒரு கால் மெதுவாக, இறங்கிப் போகும் சத்தம்.

வெட்கமாக இருக்கிறது. ஐம்பத்தெட்டு வயது.

24 நவம்பர், திங்கள்

போட்டு வாறன். அதே எழுத்து.

11 ஜனவரி 2026, ஞாயிறு

பெப்ரவரி 13 முதல் 16 வரை ஸ்டெபனியின் பெயரில் பதிவு வந்திருக்கிறது. இந்த முறை திறப்பேன். சாமி சத்தியம்.

13 பெப்ரவரி, வெள்ளி

மத்தியானத்திலிருந்து பனி கொட்டுகிறது. யன்னலால் ஒன்றும் தெரியவில்லை. நாலு மணிக்குச் சில்லுச் சத்தம் கேட்டது, பிறகு குழாய். களைத்து வந்திருப்பா, ஆறட்டும் என்று விட்டேன். உண்மை என்னவென்றால் பயந்துவிட்டேன். பிட்டுத் தட்டை மேல்படியில் வைத்தேன்.

14 பெப்ரவரி, சனி

தட்டு வைத்தபடியே இருக்கிறது. கீழே மட்டும் நடக்கிறா. இந்த முறை நான் நின்றாலும் அது நிற்பதில்லை.

15 பெப்ரவரி, ஞாயிறு

திறந்தேன். நாலு மணி. "அக்கா, நான் மங்கை" என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன்.

ஒருவரும் இல்லை. திரை மூடியிருந்தது. நான் வியாழன் விரித்த படுக்கை ஒரு சுருக்கமும் இல்லாமல் அப்படியே. பெட்டி இல்லை, சப்பாத்து இல்லை. குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது, இறுக்கிப் பூட்டினேன். அக்கா முழங்காலுக்குப் பூசுகிற யூக்கலிப்ரஸ் எண்ணெய் மணத்தது. வெளியே போயிருப்பா என்று கட்டிலில் ஒரு மணித்தியாலம் இருந்தேன். குளிர் எலும்புக்குள் இறங்கியது, ஹீற்றர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மேலே வந்து கேத்திலைப் போட்டேன். கீழே குழாயைத் திறந்தார்கள்.

16 பெப்ரவரி, திங்கள்

இன்றைக்கு இவருக்கு லீவு நாள். பனி தள்ளப் போனவர் திரும்பி வந்து, "இந்த முறை ஒருத்தரும் வரேல்லைப் போல. பக்கவாசல் படியில ஸ்னோ வெள்ளியிலயிருந்து மிதிபடாமல் அப்பிடியே கிடக்கு" என்றார். காதைப் போலக் கண்ணும் மந்தமாகிவிட்டது இவருக்கு.

இறங்கினேன். புத்தகத்தில் புதுப் பக்கம் திருப்பி, மூடி கழற்றிய பேனை மேலே வைத்திருந்தது. ஒரு சொல்லும் எழுதியிருக்கவில்லை.

சொல்லாமல் போய்விட்டா. நான் கதவைத் திறந்த பிறகுமா இந்த எண்ணம்? சரியான கோபம் வந்தது. இருக்கட்டும், மேயில் வருவாதானே, அப்போது கேட்கிறேன்.

17 பெப்ரவரி, செவ்வாய்

அக்காவின் இளைய மகன் திலக்சன் லண்டனிலிருந்து போன் எடுத்தான். என்னுடைய நம்பர் அவனிடம் இருக்கவில்லையாம், பெண்சாதிதான் தேடிக் கொடுத்தவளாம். "சித்தி, அம்மா போன புதன்கிழமை..." என்றான்.

புதன் என்றால் பதினோராம் திகதி. நித்திரையிலேயே இருதயம் நின்றுவிட்டது.

பதின்மூண்டாம் திகதி கீழ நடந்தது ஆர்?

செத்த வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு போகக்கூடாது. அக்காவுக்கு முறை தெரியும். எனக்குத்தான் ஒருநாளும் தெரியவில்லை.

22 பெப்ரவரி, ஞாயிறு, லண்டன்

எரித்துவிட்டு வந்தோம். எனக்கும் மூன்று இரவு, ஒரு சின்னப் பெட்டி.

ஸ்டெபனி திலக்சனின் பெண்சாதி. சிவத்த தலைமயிர், அழுது வீங்கிய கண், வெள்ளைக்காரப் பிள்ளை. குசினியில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் எல்லாம் சொன்னாள். அக்கா வேலை செய்த இடத்தில் எல்லோரும் மூன்று நாள் லிஸ்பன், மூன்று நாள் பிராக் என்று போகத் தொடங்கினார்களாம். அதைப் பார்த்துத்தான் அக்காவுக்கு இந்த யோசனை. கேட்கிறவர்களுக்கு ஒரு மாற்றத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிடுவாவாம். பதிவு எல்லாம் இவள் பெயரில்.

இவள் ஒருமுறை கேட்டாளாம், கோபித்துக்கொண்ட தங்கச்சி வீட்டுக்கு ஏன் போகிறீர்கள் என்று. அக்கா சொன்னதை எனக்காகத் தமிழிலேயே பாடமாக்கி வைத்திருக்கிறாள். "அவ போட்டு வாறன் எண்டவ. வரேல்லை. அதுதான் நான் போறன்."

பதினாலு வருடமாக நான் சாபம் என்று நினைத்துப் பயந்த சொல்லை, அக்கா வாக்கு என்று நினைத்துக் காத்திருந்திருக்கிறா.

பிறகு ஏன் கதவைத் தட்டவில்லை என்றும் கேட்டாளாம். "கொண்டி அவளின்ர பக்கம்" என்றாவாம்.

கடைசியாகப் பதிந்ததை நிறுத்த மறந்துவிட்டேன், வீண் கரைச்சல் தந்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். ஒரு கரைச்சலும் இல்லைப் பிள்ளை என்றேன். அந்த மூன்று நாளும் கீழே கேட்ட சத்தத்தை அவளுக்குச் சொல்லவில்லை.

23 பெப்ரவரி, திங்கள்

இந்த முறை பேசாமல் எழும்பி வந்தேன். அக்காவின் படத்தைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. முறை முறைதான்.

27 பெப்ரவரி, வெள்ளி, ரூஜ்

இனி பேஸ்மென்றை ஒருவருக்கும் விடுவதில்லை என்று சாம்பவிக்குச் சொல்லிவிட்டேன். அறிக்கைக்கு அந்த லண்டன் ஆள் வந்த காரணத்தை மட்டும் சொல்லுங்கோ அம்மா என்றாள். ஒரு மாற்றத்துக்கு என்று எழுது என்றேன்.

காலையில் ஸ்குறூ டிரைவர் எடுத்துக் கொண்டியைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். நாலு ஓட்டைகள் மட்டும் கதவில் இருக்கின்றன.

இப்போது நாலு மணி. பெட்டிச் சில்லு உருண்டது. பிறகு குழாய். சோபாவில் இருந்த இவர் இந்த மந்தக் காதோடு நிமிர்ந்து, "கீழ ஆரும் நிக்கினமே?" என்று கேட்கிறார்.

ஓம் என்றேன்.

பிளேன்ரீ இரண்டு கோப்பை ஊற்றி வைத்திருக்கிறேன், அக்காவுக்குச் சீனி கூட. ஆறுவதற்கு முன் இறங்கவேண்டும்.