கூரைக்கு ஓட்டு கிடையாது

தியெல்விக்,
11 ஜனவரி 1987

அன்புள்ள தம்பி அஸ்கெய்ருக்கு,

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நம் ஊர் வங்கியின் நிர்வாகக் குழுவில் நீ சேர்ந்த புதிது. இளைஞர் மன்றக் கூடத்தில் ஆண்டுக் கூட்டத்துக்காக நாம் இருவரும் ஒரு நீளப் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போனோம். பாதி வழியில் உன் முனையை இறக்கி வைத்துவிட்டு, "பெஞ்சு தூக்குறதுக்கும் வங்கி நடத்துறதுக்கும் என்னக்கா சம்பந்தம்?" என்றாய். "முதல்ல தூக்குடா, சூப் ஆறிடும்" என்றேன். நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் நின்றவள் ஒரு நல்ல கேள்வியை அப்படித் தட்டிக் கழித்திருக்கக் கூடாது. இப்போது அதற்குப் பதில் எழுத வேண்டிய நேரம் வந்துவிட்டது.

நீயும் ரன்வெய்கும் பெர்கனில் சௌக்கியம்தானே? அவளுடைய ஆஸ்பத்திரி வேலை இரவு முறையிலிருந்து மாறியதா? இங்கே பனி ஜன்னல் விளிம்பு வரை. என் முழங்கால் வழக்கம்போல எனக்கு முன்னாலேயே வானிலை சொல்கிறது.

செப்டம்பர் விஷயத்துக்கு வருகிறேன். மன்றக் கூடத்துக்குக் கூரை மாற்ற ஊர்வேலை நாள் குறித்தோம். நீ வரவில்லை. உனக்குப் பதிலாகப் பெர்கனிலிருந்து கூரை வேய்கிற ஆட்கள் நான்கு பேரும் ஒரு வண்டியும் உன் செலவில் வந்து இறங்கினார்கள். நல்ல பிள்ளைகள். மத்தியானத்துக்குள் முடித்துவிட்டார்கள். ஊர்க்காரர்கள் முப்பத்தைந்து பேர் ஆளுக்கொரு சுத்தியலோடு அண்ணாந்து பார்த்தபடி நின்றோம். முதியோர் இல்லத்துச் சமையலைப் பார்க்கிற நம் ஒட்னி, நாற்பது பேருக்கு ஆட்டுக்கறி சூப் வைத்திருந்தாள். வேலை செய்யாமல் சாப்பிடக் கூச்சப்பட்டு ஒவ்வொருவராக வீட்டுக்குப் போய்விட்டார்கள். கூரை ஒழுகவில்லை. என் புகார் கூரையைப் பற்றி அல்ல.

வங்கி விதிகளில் நான்காவதை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனாலும் எழுதுகிறேன், வாத்தியார் பழக்கம். "ஒவ்வோர் இயக்குநரும் வருஷத்தில் மூன்று நாள் ஊர்வேலையில் தன் கையால் உழைக்க வேண்டும். ஆள் அனுப்பியோ பணம் அனுப்பியோ அல்ல. உழைக்காதவர்க்கு அந்த ஆண்டுக் கூட்டத்தில் ஓட்டு கிடையாது." போன கூட்டத்திலிருந்து உன் பெயருக்கு நேரே ஒரு நாள்கூட இல்லை.

கூட்டத்துக்கு முன் இன்னும் மூன்று ஊர்வேலை நாள் இருக்கிறது. இம்மாதக் கடைசிச் சனிக்கிழமை தேவாலயப் பாதையில் பனி அள்ளுகிறோம். பிப்ரவரி 21 மலைக் குடிசைக்கு விறகு. மார்ச் 21 காலையில் பெஞ்சு போடுவது. மூன்றுக்கும் வா. உன் அறை சூடாக இருக்கும்.

அன்புடன் அக்கா,
போர்கில்ட்


பெர்கன்,
20 ஜனவரி 1987

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. ரன்வெய்க் பகல் முறைக்கு மாறிவிட்டாள். உன் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பச் சொன்னாள், தனியாக வருகிறது. தடவாமல் அலமாரியில் வைத்துவிடாதே.

ஊருக்கு ஒரு நல்ல கூரை போட்டுக் கொடுத்தேன். அதற்கு நன்றி வரும் என்று பார்த்தால் விதி நான்கு வருகிறது! எனக்கு ஐம்பத்து நாலு வயது அக்கா. இன்னும் கரும்பலகை முன்னால் நிற்க வைக்கிறாய்.

நேரில் சொல்ல நினைத்ததை இப்போதே எழுதிவிடுகிறேன். இங்கே உள்ள நகர வங்கி நம் வங்கியைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளத் தயார். மார்ச் கூட்டத்தில் தலைவர் என்ற முறையில் நானே முன்மொழியப் போகிறேன். உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு யோசி. நாம் ஐந்து இயக்குநர்கள், ஒரு மேலாளர், ஒரு கவுண்டர். இரண்டு மீன்பிடிப் பருவம் பொய்த்தால் நம் வங்கி தாங்காது. நகர வங்கி தாங்கும். தியெல்விக் கிளையை மூட மாட்டோம் என்று ஐந்து வருஷத்துக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். கடைக்கார ஹல்வோர் என் பக்கம். யோருண்டும்தான், அவனுக்குப் பெரிய படகு வாங்க வேண்டும், அவ்வளவு நம்மால் கொடுக்க முடியாது. நீயும் ஒட்னியும் மட்டும்தான் எதிர்ப்பக்கம். ஐந்துக்கு மூன்று.

நீயும் சேர்ந்துகொண்டால் எனக்குச் சந்தோஷம். பனி அள்ள வர முடியாது, அன்று இங்கே அவர்களோடு சந்திப்பு.

உன் தம்பி,
அஸ்கெய்ர்


தியெல்விக்,
2 பிப்ரவரி 1987

அன்புள்ள தம்பிக்கு,

தைலம் வந்தது. தடவினேன். கப்பல் கயிற்றுக் கிடங்கு மாதிரி மணக்கிறேன். ரன்வெய்குக்கு நன்றி சொல்.

பனி அள்ளி முடித்தோம். உன் மண்வாரியைக் கொட்டகையிலிருந்து எடுத்து வாசலில் சாத்தி வைத்திருந்தேன். ஹல்வோர் வந்தான், முனகிக்கொண்டே அள்ளினான், ஆனால் அள்ளினான்.

சேர்ந்துகொள்ள மாட்டேன். ஐந்து வருஷத்துக்குக் கிளை இருக்கும் என்கிறாய். ஆறாவது வருஷம் யாரிடம் போய்க் கேட்பது? ஒரு பெயர் சொல்.

உன் பழைய கேள்விக்கு இப்போது பதில். எனக்கு உதாரணம் இல்லாமல் சொல்லத் தெரியாது.

1974, படகுத்துறைப் பலகைகளை மாற்றினோம். மழை. சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லோரும் கூடத்துக்கு ஓடினோம். யோருண்ட் மட்டும் வரவில்லை. எட்டிப் பார்த்தால் மண்டியிட்டுப் புல்லுக்குள் எதையோ துழாவுகிறான். "என்னடா தேடுற?" என்று நீதான் கத்தினாய். "வளைஞ்ச ஆணியெல்லாம் கிடக்கு. நாளைக்கு ஆடு மேய வரும்ல" என்றான். ஆடுகள் அவனுடையவை அல்ல. அடுத்த வாரம் படகுக்கு அவனுடைய கடன் விண்ணப்பம் வந்தது. ஈடு வைக்க ஒன்றுமில்லை, காகிதத்தைப் பார்த்தால் எந்த வங்கியும் துரத்தியிருக்கும். "ஆணி பொறுக்குனவனுக்குத் தாராளமா குடுக்கலாம்" என்று சொன்னது யார்? நான் இல்லை. நீ.

அதே துறை வேலையில் இன்னொருவர் இருந்தார், பெயர் வேண்டாம். கனமான உத்தரம் வரும்போதெல்லாம் அவருக்குப் புகைக்குழாயைப் பற்றவைக்க ஞாபகம் வரும். அவருக்கு நாம் கடன் தரவில்லை. வேறொரு வங்கி தந்து கையைச் சுட்டுக்கொண்டது.

உத்தரத்தின் மறுமுனையைப் பிடித்திருக்கும்போது எதிரில் இருப்பவன் எப்படிப்பட்டவன் என்று கைக்குத் தெரியும் அஸ்கெய்ர். அவனுக்கும் உன்னைத் தெரியும். நம் வங்கியிடம் இருப்பது அது ஒன்றுதான். அதைத்தான் நீ விற்கப் பார்க்கிறாய். வாங்குகிறவர்களுக்கு அது என்னவென்றே தெரியாது.

21ஆம் தேதி விறகுக்கு வா. வந்தால் உனக்கு ஓட்டு உண்டு என்று இனி சொல்ல முடியாது, மூன்றில் ஒரு நாள் போய்விட்டது. இருந்தாலும் வா. வராவிட்டால், கூட்டத்தில் நாட்களை வாசிக்கும்போது உன் பெயரை விட்டுவிட மாட்டேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அக்கா,
போர்கில்ட்


பெர்கன்,
24 பிப்ரவரி 1987

அக்கா,

விறகுக்கும் வரவில்லை. வரவும் மாட்டேன். மார்ச் கூட்டத்துக்கும் வருவதாக இல்லை. ஊர் முன்னால் என் பெயரை வாசித்து, பக்கத்தில் "ஒன்றுமில்லை" என்று நீ சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார என்னால் முடியாது. இருபத்திரண்டு வருஷம் அந்த வங்கிக்கு உழைத்தவன் நான். யோருண்டுக்குப் படகு, பள்ளிக்கு நூலகம், ஒட்னியின் முதியோர் இல்லத்துக்கு வெந்நீர்க் குழாய், எல்லாவற்றிலும் என் கையெழுத்து இருக்கிறது.

என் ஓட்டை உறையில் போட்டு ஒட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். துணைத்தலைவர் நீ. கூட்டத்தில் பிரித்து எண்ணிக்கொள். யாரும் அந்தப் பழைய விதியைத் தூக்கிப் பிடிக்கப் போவதில்லை, நீ தூக்காவிட்டால்.

தூக்கினால், எனக்கு அக்கா இல்லை என்று நினைத்துக்கொள்வேன். யோசித்துத்தான் எழுதுகிறேன்.

அஸ்கெய்ர்


தியெல்விக்,
23 மார்ச் 1987

அன்புள்ள தம்பி அஸ்கெய்ருக்கு,

கூட்டம் நடந்தது. வேறு யார் வாயிலாவது கேட்பதற்கு முன் நானே எழுதுகிறேன்.

காலையில் பெஞ்சு போட்டோம். நகர வங்கிக்காரர் ஒருவர் முதல் ஃபெர்ரியிலேயே வந்துவிட்டார். மனிதர் நல்லவர். சும்மா நிற்கப் பிடிக்காமல் கோட்டைக் கழற்றிவிட்டு ஒட்னியோடு ஒரு பெஞ்சைத் தூக்கினார். விரலில் சிராய் ஏறிவிட்டது. ஒட்னி ஊசியால் எடுத்துவிட்டபடியே, "இன்னும் ரெண்டு நாள் வந்துட்டுப் போங்க சார். எங்க தலைவரைவிட உங்களுக்குத் தகுதி வந்துடும்" என்றாள். கூடமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

மதியம் மூன்று மணிக்கு நாட்களை வாசித்தேன். ஒட்னி ஐந்து. ஹல்வோர் மூன்று. "அந்த மூணுலயும் முனகுனதைக் கழிங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். யோருண்ட் நான்கு. போர்கில்ட் மூன்று. பிறகு உன் பெயர். வாசித்தேன். "ஒன்றுமில்லை" என்று சொன்னேன். வகுப்பில் ஆயிரம் பெயர் வாசித்திருக்கிறேன், எதையும் இப்படி வாசித்ததில்லை.

உன் உறையை மேஜைமேல் வைத்தேன். ஹல்வோர் எழுந்தான்.

"இது அநியாயம் டீச்சரம்மா. அவர் போட்ட கூரைக்குக் கீழதானே எல்லாரும் உட்கார்ந்திருக்கோம்?"

யோருண்ட் தலையைச் சொறிந்துகொண்டான். "கூரை நல்லாத்தான் இருக்கு ஹல்வோர். அப்போ கூரை வந்து ஓட்டுப் போடட்டும்."

"நீ எங்க பக்கம்தானேடா?"

"ஆமா. எனக்குப் படகு வேணும், சேர்றதுக்குத்தான் கை தூக்குவேன். ஆனா விதி விதிதான். வராதவருக்கு ஓட்டு கிடையாது."

அப்படியே செய்தான். ஊர் முன்னால் சேர்வதற்குக் கை தூக்கினான், ஹல்வோரும் தூக்கினான். ஒட்னியும் நானும் எதிராக. இரண்டுக்கு இரண்டு. சமமானால் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவரின் ஓட்டு இரண்டாகும். நான் தலைமை வகித்தேன். வங்கி தியெல்விக்கிலேயே இருக்கிறது.

உன் உறையைப் பிரிக்கவில்லை. இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ஒட்டியது ஒட்டியபடி இருக்கிறது, பார்த்துக்கொள்.

நான் செய்தது சரி. அந்த நாள் திரும்ப வந்தாலும் இதையே செய்வேன். ஆனால் வீட்டுக்கு வந்து, உன் அறைக் கணப்பை அணைக்க மனம் வராமல் உட்கார்ந்திருந்தேன். அதையும் எழுதாவிட்டால் பாதிக் கடிதம்தான்.

என்றும் உன் அக்கா,
போர்கில்ட்


பெர்கன்,
3 ஏப்ரல் 1987

துணைத்தலைவர் அவர்களுக்கு,
தியெல்விக் சேமிப்பு வங்கி.

நிர்வாகக் குழுத் தலைவர் பதவியிலிருந்தும் இயக்குநர் பொறுப்பிலிருந்தும் இன்று முதல் விலகுகிறேன். பெற்றுக்கொண்டதற்குப் பதில் தேவையில்லை.

அஸ்கெய்ர் தியெல்விக்


தியெல்விக்,
10 மே 1987

அன்புள்ள தம்பிக்கு,

பதில் தேவையில்லை என்று துணைத்தலைவருக்குத்தான் எழுதியிருந்தாய். அக்காவுக்கு அப்படி எதுவும் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என்னைத் தலைவராக்கிவிட்டார்கள். எனக்கு இந்த வயதில் இது வேண்டாத வேலை. யோருண்டின் படகுக்குப் பக்கத்துத் தீவின் வங்கியோடு சேர்ந்து கடன் தர ஏற்பாடு செய்திருக்கிறோம். அவன் கேட்டதைவிடப் படகு நான்கு அடி குட்டை. "அந்தக் குறைஞ்ச நாலு அடியில நீங்க வேணா உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுங்க டீச்சரம்மா" என்று என்னைக் கேலி செய்கிறான், ஆனால் கையெழுத்துப் போட்டான். நீ சொன்ன அபாயம் இல்லையென்று நான் சொல்லவில்லை. இரண்டு பருவம் பொய்த்தால் சிரமம்தான். அப்போது நாங்கள் இங்கேயே இருப்போம், எங்கள் வீட்டுக் கதவு எதுவென்று எல்லோருக்கும் தெரியும்.

உன் கையெழுத்துகளைப் பற்றி எழுதியிருந்தாய். அவற்றை யாரும் மறக்கவில்லை. நூலகத்து அலமாரிகளை நீ தோளில் சுமந்து வந்ததையும் மறக்கவில்லை. ஊருக்கு உன்மேல் கோபம் இருப்பதே அதனால்தான். ஊர்வேலைக்கு ஒருநாளும் வராதவன் வராவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?

நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். நீயும் கேட்க வேண்டாம். வருகிற சனிக்கிழமை, தேசிய நாளுக்கு முன்னால் கரையைச் சுத்தம் செய்கிறோம். காலை ஃபெர்ரி ஒன்பது பத்துக்கு வரும். உன் மண்வாரியை இன்னும் கொட்டகையில் வைக்கவில்லை. வாசலிலேயே சாத்தியிருக்கிறது.

வராவிட்டால் ஒன்று மட்டும் செய். ரன்வெய்கோடு கடைக்குப் போகிற வழியில் அந்த நகர வங்கிக்குள் நுழை. கவுண்டரில் இருக்கும் பெண்ணிடம், உங்கள் இயக்குநர்களில் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்று கேள். சொல்லிவிட்டால், அவர் மறுமுனையைப் பிடிக்க, கடைசியாக எப்போது ஒரு பெஞ்சு தூக்கினீர்கள் என்று கேள்.

அக்கா,
போர்கில்ட்